கடை விரிக்கும் உரிமை: கூனிமேட்டுக் கரையிலிருந்து ஒரு வரலாறு

சித்திரை வந்தால் நம் தோழர்களுக்கு ஓய்வில்லை. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள், தலித் வரலாற்று மாதம், கலை விழா, புத்தகக் காட்சி என்று ஒரு மாதம் முழுக்க ஓட்டம்தான். இந்த விழாக்களில் மேடையை ஒட்டி இப்போது ஒரு வரிசைக் கடைகளும் இருக்கின்றன. ஓலைக்கூடை, பாய், தோல்பை, சுடுமண் பொம்மை, பறை, புத்தர் சிலை, நீலச் சட்டை எல்லாம் அங்கே விற்பனைக்கு வருகின்றன. மேடையில் யார் பேசுவது என்று மூன்று கூட்டம் போட்டு விவாதிக்கும் நம் தோழர்கள், கடை வரிசையில் யார் உட்காருவது என்று ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை. கேட்டால், "கடைதானே தோழர், அதில் என்ன அரசியல்?" என்கிறார்கள்.

அரசியல் இருக்கிறது. நம் மக்களின் கைப்பொருள் இல்லாமல் இந்த நாட்டில் எந்தத் திருவிழாவும் நடந்ததில்லை. களத்துக்கு முறம், படையலுக்குக் கூடை, பந்தலுக்கு ஓலை, சாமி புறப்பாட்டுக்குப் பறை, எல்லாம் நாம் செய்தவை. நம் பொருளுக்குத் திருவிழாவில் எப்போதும் இடம் இருந்தது. நமக்குத்தான் இடம் இல்லை. அதைவிட முக்கியமாக, அந்தப் பொருளுக்கு விலை சொல்லும் உரிமை நமக்கு இருந்ததில்லை. ஒரு தலித் பெண் விழாத் திடலில் கடை விரித்து, "இது நானூறு ரூபாய்ங்க" என்று நிமிர்ந்து சொல்வதற்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. நாங்கள் வேலை செய்யும் மரக்காணம் கரையிலிருந்தே அதைப் பார்க்கலாம்.

துணி ஏற்றிய கரை

புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கூனிமேடு. மீனவர்கள், இஸ்லாமியர்கள், வன்னியர்கள், தலித்துகள் என எல்லோரும் அக்கம்பக்கமாக வாழும் பகுதி. இன்று பேருந்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக ஒரு நொடி பார்த்துவிட்டுக் கடந்துபோகும் இந்த ஊர், ஒரு காலத்தில் லண்டனில் இருந்தவர்கள் பெயர் சொல்லிக் கடிதம் எழுதிய ஊர். 1680களில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஒரு வணிகக் கிடங்கு வைத்திருந்தது. செஞ்சியை ஆண்ட மராட்டியர்களிடம் அனுமதி பெற்றுத்தான் அவர்கள் இந்தக் கரையில் கால் ஊன்றினார்கள். அவர்களுடைய ஏடுகளில் கூனிமேடு 'கோனிமியர்' என்று வரும். 1690இல் கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கிய பிறகு கம்பெனி அங்கே நகர்ந்தது. கூனிமேட்டுக் கிடங்கு மங்கிப்போனது.

அவர்கள் இந்தக் கரைக்குத் தேடி வந்தது துணியை. உள்ளூர்களில் நெய்த பருத்தித் துணியை வணிகர்கள் வழியாக முன்பணம் கொடுத்துச் சேர்த்துக் கப்பலில் ஏற்றினார்கள். நெய்தவர் கையில் இருந்தது கடன். விலை பேசியவர் இடைத்தரகர். லாபம் பார்த்தது கம்பெனி.

நெசவுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சோழன் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டில் பறையர் மக்கள் நெசவு செய்வோர், உழவு செய்வோர் என இரண்டு பிரிவாகக் குறிக்கப்படுகிறார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட சாதிகள் பற்றிய தொகுப்பிலும் இந்தக் குறிப்பு வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தறியில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகளை, 'கைத்தொழில் தெரியாத கூலிகள்' என்று பாடம் நடத்துகிறவர்கள் இன்றும் உண்டு. கைத்தொழில் எங்கள் முன்னோரிடம் இருந்தது. சந்தைதான் அவர்களிடம் இல்லை.

உப்பளத்திலும் இதே கதைதான். மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கும் மேல் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. பாத்தி மிதித்து, வெயிலில் நின்று, உப்பை வாரிக் குவிக்கும் கைகளுக்கு அன்றாடக் கூலி மட்டும் உண்டு. மூட்டைக்கு என்ன விலை என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். செய்வது ஒருவர், விலை சொல்வது இன்னொருவர் என்ற இந்தப் பிரிவினைதான் நம் பொருளாதாரத்தில் சாதி வேலை செய்யும் முறை.

'சுதந்திரம்' என்று ஒரு பங்கு

கிராமத்துக்கு வருவோம். அறுவடை முடிந்ததும் களத்து மேட்டில் நெல்லை அளப்பார்கள். ஊர் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் சில மரக்கால் நெல் ஒதுக்குவார்கள். வெட்டியான், தோட்டி, வண்ணார், நாவிதர், தச்சர் என்று பட்டியல் போகும். இந்தப் பங்குக்கு 'மேரை' என்று பெயர். தொண்டை மண்டலத்தின் பழைய நிலக் கணக்குகளில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: 'சுதந்திரம்'.

கவனியுங்கள் தோழர்களே. 1947இல் நாம் எந்தச் சொல்லை விடுதலை என்று கொண்டாடினோமோ, அதே சொல் நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊழியக்காரர் களத்தில் நின்று வாங்கும் படி நெல்லின் பெயராக இருந்தது. அந்த நெல்லை வாங்கிவிட்டால் ஆண்டு முழுக்க ஊருக்குப் பறை அடிக்க வேண்டும், செத்த மாட்டைத் தூக்க வேண்டும், பிணம் எரிக்க வேண்டும், சாவுச் செய்தி சொல்லப் போக வேண்டும். திருவிழா வந்தால் தேவையானதைச் செய்து கொண்டுவந்து வைக்க வேண்டும். எதற்கும் தனித்தனி விலை கிடையாது. விலை இல்லாததால் பேரமும் கிடையாது. "இந்த வருஷம் முடியாது" என்று சொல்ல வாயும் கிடையாது.

கூடையும் முறமும் சில்லறைக்குப் போன இடங்களிலும் தீண்டாமை கூடவே போனது. பொருள் தீட்டில்லை, கை தீட்டு. முறத்தைத் தரையில் வை என்பார்கள். காசைத் தூரத்திலிருந்து வீசுவார்கள். கொடுக்கும் கையும் வாங்கும் கையும் தொடாமல் நடந்த இந்த வியாபாரத்தை நம் பாட்டிமார் இன்றும் நினைவிலிருந்து சொல்கிறார்கள்.

மராட்டியத்தில் இதே முறைக்கு 'வதன்' என்று பெயர். மகர் மக்களை ஊருக்கும் அரசுக்கும் பரம்பரை ஊழியர்களாகக் கட்டிப்போட்டிருந்த அந்த முறையை மாற்ற, 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார் அம்பேத்கர். கூலி என்றால் செய்த வேலைக்கு, செய்த அளவுக்கு, பணமாக வரவேண்டும். பிறப்பால் வரும் படி, மனிதனை அடிமையாக்கும். அவர் நின்ற இடம் அதுதான். இங்கே சென்னை மாகாணத்தில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுத் தெரு, கிணறு, குளம், பொது இடங்கள் எல்லோருக்கும் உரியவை என்று அரசைச் சொல்லவைத்தது. தெருவில் நடக்கும் உரிமை இல்லாதவருக்குத் தெருவில் கடை போடும் உரிமை எங்கிருந்து வரும்? அந்தத் தீர்மானத்தின் தோளில்தான் நம் கடைகள் நிற்கின்றன.

வேடிக்கைப் பொருளான கைகள்

இன்னொரு பக்கம், கைவினைஞரைக் காட்சிக்கு வைக்கும் பழக்கம் தொடங்கியது. 1886இல் லண்டனில் காலனிய–இந்தியக் கண்காட்சி நடந்தது. அதில் இந்தியக் கைவினைஞர்களை உட்காரவைத்து, கூட்டம் சுற்றி நின்று பார்க்க, நெய்யவும் செதுக்கவும் வைத்தார்கள். அவர்களில் பலர் ஆக்ரா சிறையில் தொழில் கற்ற கைதிகள். பார்வையாளர்களுக்கு அவர்கள் 'பாரம்பரிய இந்தியக் கிராமக் கலைஞர்கள்'. சிறையில் பழகிய கையைப் பாரம்பரியம் என்று விற்ற முதல் பெரிய விழாக்களில் அதுவும் ஒன்று.

இந்தப் பார்வை இன்னும் போகவில்லை. கூனிமேட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஓலை பின்னும் பெண்களோடு நாங்கள் சில ஆண்டுகளாக வேலை செய்கிறோம். ஒருமுறை ஒரு நகரத்தில் நடந்த கலாச்சார விழாவுக்குக் குழுவை அழைத்தார்கள். போய்ப் பார்த்தால், வாசலில் பாய் விரித்து, "அம்மா, நீங்க இங்க உட்கார்ந்து பின்னிக் காட்டுங்க" என்றார்கள். கூடவே கொண்டுபோன கூடைகளை விற்கலாமா என்று கேட்டதற்கு, விற்பனை அரங்கம் உள்ளே இருக்கிறது, அதற்கு வாடகை தனி என்று பதில் வந்தது. உள்ளே குளிரூட்டிய கூடத்தில் ஓலைக்கூடைகள் இருந்தன. ஒரு நிறுவனத்தின் பெயரில், மூன்று மடங்கு விலையில். வெளியே ஒரு நாள் முழுக்கப் படம் எடுத்தார்கள். மாலையில் ஒரு சால்வையும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்தார்கள்.

திரும்பி வரும் பேருந்தில் ஓர் அக்கா கேட்டார்: "நம்ம கூடய வாங்குறாங்க, நம்மள பாக்குறாங்க. நம்மகிட்ட வாங்க மாட்டாங்களா?"

சமூகவியல் வகுப்பில் இரண்டு ஆண்டு படித்ததை அந்த அக்கா ஒரு கேள்வியில் கேட்டுவிட்டார். சால்வை என்பது களத்து மேட்டு நெல்லின் நகர வடிவம். விலை கொடுக்காமல் மரியாதை கொடுப்பதாகச் சொல்லும் இடத்தில் எல்லாம் நாம் உஷாராக இருக்க வேண்டும்.

பறை: மறுத்தவர்களும் மீட்டவர்களும்

பறையின் வரலாறு இந்த விவாதத்தின் மையம். நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில், எல். இளையபெருமாள் இளம் வயதிலேயே பறை அடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்ற போராட்டங்களை நடத்தினார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகி, தீண்டாமை பற்றிய தேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கி, 1969இல் அறிக்கை தந்தவர் அவர். அந்த மறுப்பில் கலைமேல் வெறுப்பு இல்லை. கட்டாயத்தின்மேல்தான் வெறுப்பு. 'அடி' என்று சொன்னால் அடிக்க வேண்டிய கருவியாக இருக்கும்வரை பறையைத் தூக்கி எறிவதுதான் சுயமரியாதை.

1990–91 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி இன்னொரு அலை எழுந்தது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் நடத்திய தலித் கலை விழாக்களில் பறை மேடை ஏறியது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள், ஆண்கள் மட்டுமே தொட்ட பறையைத் தோளில் மாட்டினார்கள். சாவு வீட்டிலிருந்து பறை போராட்டக் களத்துக்கு வந்தது. 2018இல் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய வானம் கலைத் திருவிழா வரை இந்தத் தொடர்ச்சி நீள்கிறது.

இளம் தோழர்கள் சிலர் இளையபெருமாள் ஒரு பக்கம், கலை விழா இன்னொரு பக்கம் என்று எதிரெதிராக நிறுத்துகிறார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. மறுப்பு முதலில் வந்ததால்தான் மீட்பு சாத்தியமானது. 'அடிக்க மாட்டேன்' என்று சொல்ல முடிந்தவர் மட்டுமே 'அடிப்பேன், இவ்வளவு கொடு' என்று சொல்ல முடியும்.

ஆனால் இந்த மீட்பில் ஒருவர் விடுபட்டுப் போனார்: பறை செய்பவர். வேம்பிலோ பலாவிலோ கட்டை அறுத்து, வளைத்து இணைத்து, தோலை ஊறவைத்து மயிர் நீக்கி, புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி, இழுத்துக் கட்டிக் காயவைத்து, நெருப்பில் காட்டிச் சுதி ஏற்றிப் பார்க்கும் அந்தக் கைகளை எந்த மேடையும் அழைக்கவில்லை. நகரங்களில் பறைப் பயிற்சி வகுப்புகள் பெருகின. நல்லதுதான். வகுப்புக்கு வரும் பறை எங்கிருந்து வருகிறது? பல இடங்களில் பிளாஸ்டிக் தோல் போர்த்தியது கடையிலிருந்து வருகிறது. தோல் 'நாறும்', எடை அதிகம் என்று காரணம் சொல்கிறார்கள். அந்த நாற்றத்தைச் சொல்லித்தானே நம்மை ஊருக்கு வெளியே வைத்தார்கள்? பறையின் ஒலி மட்டும் வேண்டும், தோலும் தோல் பதனிடும் மனிதனும் வேண்டாம் என்றால் அது மீட்பு ஆகாது. விழா நடத்தும் தோழர்கள் பறை செய்பவருக்கு ஒரு கடை ஒதுக்கி, அவரே விலை சொல்லி விற்கும்படி செய்தால் பாதிக் கணக்கு நேராகும்.

நாக்பூரும் தாதரும்

நாமே நடத்தும் விழாவில் நம் கடை எப்படி இருக்கும் என்பதற்கு மராட்டியம் பெரிய எடுத்துக்காட்டு. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று மறைந்தார். ஆண்டுதோறும் நாக்பூர் தீட்சாபூமியிலும், டிசம்பர் 6இல் மும்பை தாதர் சைத்தியபூமியிலும் லட்சக்கணக்கில் மக்கள் கூடுகிறார்கள். தாதர் சிவாஜி பூங்கா முழுக்கக் கடைகள். புத்தகங்கள், புத்தர் சிலைகள், கோட்டும் கண்ணாடியும் அணிந்த அம்பேத்கர் சிலைகள், நாள்காட்டிகள், நீலக்கொடிகள், பாடல் தொகுப்புகள். ஊரிலிருந்து வரும் ஏழைக் குடும்பமும் ஒரு புத்தகமாவது, ஒரு சிறு சிலையாவது வாங்காமல் திரும்பாது.

இங்கே மூன்று விஷயங்கள் நடந்தன. செய்தவரும் விற்றவரும் வாங்கியவரும் ஒரே சமூகம். எனவே தூரத்திலிருந்து காசு வீசுவது இல்லை. விற்ற பொருள் பழைய குலத்தொழிலின் பொருள் அல்ல. புதிய வாழ்க்கையின் பொருள். விற்ற பணம் அடுத்த ஆண்டுப் புத்தகத்துக்கு முதலாக மாறியது. பெரிய பதிப்பகங்கள் திரும்பிப் பார்க்காத காலத்தில் தலித் எழுத்தைக் காப்பாற்றியதில் இந்தத் தரைக்கடைகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

நம் கரையில் 'சமூக விழா' என்ற சொல்லுக்கு வேறு நினைவும் உண்டு. 2013 ஏப்ரல் 25, மாமல்லபுரத்தில் ஒரு சாதியின் சித்திரை முழுநிலவு இளைஞர் விழா. அதற்குப் போன வண்டிகள் இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் போயின. அன்று மரக்காணத்தில் கலவரம் வெடித்தது. தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. ஒரு விழா யாரைச் சேர்க்கிறது, யாரை அச்சுறுத்துகிறது என்பதுதான் அதன் பண்பாடு. நாம் நடத்தும் விழா, அக்கம்பக்கத்தில் இருக்கிற எந்த ஏழையும் பயமின்றிக் கடை போடக்கூடிய விழாவாக இருக்க வேண்டும். 2022 மார்ச்சில் கர்நாடகத்தின் உடுப்பி மாவட்டம் காபுவில் கோயில் திருவிழாவில் இஸ்லாமியர் கடை போடக் கூடாது என்று தடுத்தார்கள். பிறகு அது பல ஊர்களுக்குப் பரவியது. நேற்று நம்மை விலக்கிய அதே விதியை இன்று அவர்கள்மீது எழுதுகிறார்கள். கூனிமேட்டில் இஸ்லாமியர்களோடு சேர்ந்து வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

குலத்தொழில் என்ற கண்ணி

இங்கே ஒரு ஆபத்தையும் பேசியாக வேண்டும். கைவினைக் கடையைக் கொண்டாடும்போது நம் பிள்ளைகளை மறுபடி அதே தொழிலில் கட்டிப்போடுகிறோமா?

1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில், மீதி நேரம் அப்பா செய்யும் தொழிலைக் கற்க வேண்டும் என்று வைத்தார்கள். குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 2023இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டது. செருப்புத் தைப்பது, கூடை–பாய்–துடைப்பம் செய்வது எல்லாம் அதில் உண்டு. 18 வயதிலேயே சேரலாம். குடும்ப வழித் தொழில் என்பதை அடிப்படையாக வைத்தது. கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் கையில் ஊசியைக் கொடுப்பதா என்ற கேள்வி தமிழ்நாட்டில் எழுந்தது. மாநில அரசு அதை ஏற்காமல், 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 தொழில்கள், 35 வயது நிறைந்தவர்களுக்கு, குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 40 வயதில் ஓர் அம்மா தனக்குத் தெரிந்த வேலைக்கு நல்ல விலை கேட்பது உரிமை. அவருடைய 18 வயது மகளிடம் 'இதுதான் உன் தொழில்' என்று சொல்வது சாதி. எங்களோடு இருக்கும் பெண்கள் யாரும் தங்கள் மகள் ஓலை பின்ன வேண்டும் என்று விரும்பவில்லை. கூடை விற்ற காசில் மகள் செவிலியர் படிப்பு படிக்க வேண்டும் என்றே விரும்புகிறார்கள். அந்த விருப்பத்துக்கு உதவாத எந்தக் கைவினைப் பெருமையும் நமக்குத் தேவையில்லை.

பெயர் இன்னொரு கண்ணி. கோலாப்பூர் செருப்புக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025 ஜூனில் இத்தாலிய நிறுவனமான பிராடா அதே வடிவச் செருப்பை மிலான் மேடையில் நடக்கவிட்டது. இந்தியாவின் பெயரைச் சொல்லவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே ஒப்புக்கொண்டது. செய்தித்தாள்கள் 'இந்தியப் பாரம்பரியம்' என்று கோபப்பட்டன. அந்தச் செருப்பைத் தலைமுறைகளாகத் தைத்தவர்கள் யார், அவர்களை இந்தியா எப்படி நடத்தியது என்று எழுதியவர்கள் குறைவு. மறுபக்கம், மும்பையில் சுதீர் ராஜ்பர் தொடங்கிய ஸ்டுடியோ, வசைச்சொல்லாக வீசப்பட்ட 'சமார்' என்ற பெயரையே பலகையில் எழுதி உலகக் கண்காட்சிகளுக்குப் போனது. பெயரை மறைத்து விற்பதும் பெயரைச் சொல்லி விற்பதும் ஒன்றல்ல.

சட்டம் நம் பக்கம் எவ்வளவு?

மாணவத் தோழர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரசியல் சட்டத்தின் 19(1)(ஜி) பிரிவு எந்தத் தொழிலையும் வணிகத்தையும் செய்யும் உரிமையைத் தருகிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. மற்றவர்கள் செய்ய உரிமையுள்ள தொழிலையோ வணிகத்தையோ ஒரு தலித் அல்லது பழங்குடி செய்வதைத் தடுப்பது குற்றம். சமூக, பண்பாட்டு ஊர்வலங்களில் பங்கெடுப்பதைத் தடுப்பதும் குற்றம். கூலியில்லாக் கட்டாய வேலை வாங்குவது குற்றம். சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம். ஆக, திருவிழாத் திடலில் 'உங்க தெரு ஆளுங்க இங்க கடை போடக் கூடாது' என்றால் அது வெறும் வாய்த்தகராறு இல்லை, வழக்கு.

2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத இடத்தை வியாபாரிகளுக்கே தருகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சிறுபான்மையினருக்கும் உரிய பிரதிநிதித்துவம் வேண்டும் என்கிறது. ஐம்பது ஆண்டுக்கு மேலான சந்தையைக் காலி செய்யக் கூடாது என்கிறது. ஆனால் இந்தச் சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அளவில் நின்றுவிடுகிறது. மரக்காணம் பேரூராட்சியில் கடை போடுபவருக்கு இது பாதுகாப்பு. கூனிமேடு போன்ற கிராம ஊராட்சிகளில் இல்லை. பெரும்பாலான ஊர்த் திருவிழாக்கள் நடப்பது கிராமங்களில்தான். அங்கே தரைவாடகை வசூலை ஏலம் எடுத்தவர் வைத்ததுதான் சட்டம். யாருக்கு நுழைவாயில், யாருக்குக் குப்பைமேட்டு ஓரம் என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார். சட்டத்தின் இந்த ஓட்டையை அடைக்கக் கேட்பது நம் தலைமுறையின் வேலை.

விழா நடத்தப் போகும் தோழர்களுக்கு

வரலாறு படித்தால் மட்டும் போதாது. அடுத்த விழாவில் இவற்றைச் செய்யுங்கள்.

விலையைச் செய்தவர் சொல்லட்டும். ஒரு நாள் முழுக்க வேலை வாங்கும் மூடி போட்ட ஓலைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2025–26க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். ஓலைக்கும் சாயத்துக்கும் 40 ரூபாய் என்று வைத்தால் 376 ஆகிறது. பேருந்துச் செலவும் சாப்பாடும் சேர்த்தால் 400ஐத் தாண்டும். அதை நூறு ரூபாய்க்குக் கேட்பவர், அரசு ஒத்துக்கொண்ட குறைந்த கூலியில் கால் பங்குகூடத் தராமல் ஒரு பெண்ணின் ஒரு நாளை வாங்கப் பார்க்கிறார். இந்தக் கணக்கை ஓர் அட்டையில் எழுதிக் கடையில் தொங்கவிடுங்கள். எங்கள் குழு அப்படிச் செய்த பிறகு பேரம் பாதியாகக் குறைந்தது. "ஏம்மா, இவ்வளவா?" என்று கேட்டவர்கள் அட்டையைப் படித்துவிட்டுப் பேசாமல் காசு எடுத்தார்கள்.

கடைவாடகை வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால், விற்பனை முடிந்த பிறகு வாங்குங்கள். வெளியூரிலிருந்து வரும் பெண்களுக்குத் தங்கும் இடமும் பூட்டு உள்ள கழிப்பறையும் ஏற்பாடு செய்யாமல் அழைக்காதீர்கள். மேடைக்குப் பின்னால் அல்ல, மக்கள் நடந்து வரும் வழியில் இடம் கொடுங்கள்.

செய்தவர் விரும்பினால், பொருளின்மீது அவருடைய பெயரும் ஊரும் இருக்கட்டும். விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். சில பெண்களுக்கு ஊர்ப் பெயர் சொன்னாலே 'ஊரா, காலனியா' என்ற அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். எப்போது சொல்வது என்பதும் அவர்கள் உரிமைதான்.

கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு ஒரு வேலை. மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பொருள்களை விற்க அரசு கல்லூரிச் சந்தைகளை நடத்துகிறது. உங்கள் கல்லூரியில் நடக்கும்போது எத்தனை தலித், பழங்குடிப் பெண்களுக்குக் கடை கிடைத்தது என்று எண்ணுங்கள். எண்ணி, எழுதிக் கேளுங்கள். நம் ஆய்வேடுகளுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடையாது.

கடைசியாக, விற்ற பணத்தில் ஒரு பங்கைக் குழுவின் பெயரில் பிள்ளைகளின் படிப்புக்காகச் சேமிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கூனிமேட்டுக் கரையிலிருந்து கப்பல் ஏறிய துணியில் நெய்தவர் பெயர் இல்லை. மரக்காணத்து உப்பு மூட்டையில் வாரியவர் பெயர் இல்லை. களத்து மேட்டில் அளந்த நெல்லுக்குச் 'சுதந்திரம்' என்று பெயர் வைத்தவர்கள், வாங்கியவருக்கு அதைத் தரவில்லை. விழாத் திடலில் நம் பெண்கள் கடை விரித்து, தாங்களே விலை சொல்லி, கைக்குக் கை காசு வாங்கும்போது இந்த மூன்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறார்கள். அடுத்த முறை மேடைக்குப் போகும் வழியில் அந்தக் கடை முன்னால் நில்லுங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள்.

ஜெய் பீம்.